மெத்தை வீடும் மண் கல்லும்

“மல்லாட்டையை எங்க தம்பி காயப் போடறது?”

2017இல், திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவே ஒரு காலனியில், வேப்ப மரத்தடியில் வரைபடத்தை விரித்து வைத்து நான் அரை மணி நேரம் பேசி முடித்ததும் வந்த முதல் கேள்வி இது.

வரைபடத்தில் இருந்தது சரிவான மங்களூர் ஓட்டுக் கூரை. சுவருக்கு, அந்த ஊர்ச் செம்மண்ணையே அச்சில் அழுத்திச் செய்த கல். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். ஓட்டுக்கடியில் காற்று ஓடும், சித்திரையிலும் வீடு வேகாது. கல்லூரியில் படித்தது, ஆரோவில்லில் மண் கல் அடிக்கக் கற்றது எல்லாவற்றையும் அந்த ஒரு தாளில் கொட்டியிருந்தேன். கேள்வி கேட்ட அக்காவுக்கு இதில் எதுவும் ஆட்சேபணை இல்லை. பிடுங்கி வருகிற நிலக்கடலையை எங்கே கொட்டுவது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். தெருவில் போட்டால் வண்டி ஏறும், வாசலில் போட்டால் கோழி கிளறும், ஆடு வாய் வைக்கும். மெத்தை இருந்தால் மேலே கொட்டிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போகலாம். தளம் போட்ட வீட்டைத்தான் விழுப்புரம், கடலூர் பக்கம் மெத்தை வீடு என்பார்கள். மிளகாய், கேழ்வரகு, வடகம் எல்லாம் காய்வது அங்கேதான். வெயில் காலத்தில் குடும்பமே படுப்பதும் அங்கேதான்.

நான் அப்போது ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் பொறியாளன். பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம் 2016இல் தொடங்கியிருந்தது. குறைந்தது 25 சதுர மீட்டர் வீடு, அதாவது 270 சதுர அடி போல. சமவெளியில் வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய். கூடவே நூறு நாள் வேலைத் திட்டத்தில் 90 நாள் கூலி. பணி ஆணை வந்தும் கட்ட முடியாமல் நின்ற ஆறு குடும்பங்களுக்கு, அதே பணத்தில் குளிர்ச்சியான, சுற்றுச்சூழலைக் கெடுக்காத வீடு கட்டித் தருவதுதான் எங்கள் வேலை. தமிழ்நாட்டில் கான்கிரீட் தளம் போடுவதற்கென்று மாநில அரசு தனியாகப் பணம் சேர்த்துத் தருகிறது. ஓட்டுக் கூரை போட்டால் அந்தப் பணம் கிடையாது. இது எனக்குத் தெரிந்தது கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து! காலனியில் இருந்த எல்லோருக்கும் முன்பே தெரியும். படித்த பிள்ளை மனம் நோகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஓடு வேண்டாம் என்பதற்கு அவர்களிடம் இன்னும் காரணங்கள் இருந்தன. குரங்கு ஒன்று. 2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயல் இன்னொன்று. அன்று விடிகாலையில் யார் வீட்டுக் கூரை எந்தப் பக்கம் பறந்தது என்று அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். பறக்காமல் நின்றது மெத்தை போட்ட இரண்டே வீடுகள், ஊரே அதற்குள்தான் ஒண்டிக்கொண்டது.

மூன்றாவது காரணத்தை வயதான ஒருவர், கூட்டம் கலைந்த பிறகு, தனியாகச் சொன்னார். “கூரைன்னா ஒரு தீக்குச்சி போதும் தம்பி.” நான் ஓட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், அவர் ஓலையைப் பற்றிப் பேசினார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான், மேலே சிமெண்ட் இல்லாத எதுவும் கூரைதான். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அந்த ஊர் இங்கிருந்து வெகு தூரம், ஆனால் அவருக்குத் தூரமில்லை. திருவிதாங்கூரில் ஒரு காலத்தில் நாடார்கள் மாடி வைத்து வீடு கட்டவே கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. யார் எந்தக் கூரைக்குக் கீழே படுக்கலாம் என்பது இந்த நாட்டில் வெறும் பொறியியல் விஷயமாக இருந்ததே இல்லை. நான் மட்டும் வெப்பக் கடத்தல் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறேன்.

எகிப்தில் லக்சருக்கு எதிர்க்கரையில், 1940களில், ஹசன் ஃபாத்தி என்ற கட்டடக் கலைஞர் புதிய குர்ணா என்று ஒரு கிராமத்தையே மண் கல்லில் கட்டினார். அழகான குவிமாடங்கள், உள்ளே குளுகுளுவென்று இருக்கும். பழைய கல்லறைகளுக்கு நடுவே வாழ்ந்துகொண்டிருந்த மக்களை அங்கே குடியேற்றுவது அரசாங்கத்தின் திட்டம். பெரும்பாலோர் போகவில்லை. அவர்கள் பிழைப்பு பழைய இடத்தில் இருந்தது. அதோடு, அவர்கள் பழக்கத்தில் குவிமாடம் என்பது சமாதிக்கு வைப்பது. இதைக் கல்லூரியில் படித்தபோது, இவ்வளவு பெரிய மனிதருக்கு இது தெரியாமல் போனதே என்று நாங்கள் சிரித்தோம். வேப்ப மரத்தடியிலிருந்து பைக்கில் திரும்பும்போதுதான் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது.

சரி, சரிவுக் கூரையை விட்டோம். தட்டையான தளம், ஆனால் நடுவில் ஓடு புதைத்தது. கான்கிரீட் தளத்தில் கீழ்ப்பகுதி இழுவிசையைத் தாங்குவதில்லை, கம்பிதான் தாங்குகிறது. அங்கே வீணாகக் கிடக்கிற கான்கிரீட்டுக்குப் பதில், இரண்டு மங்களூர் ஓடுகளைக் கவிழ்த்து அடுக்கி வைத்துவிடலாம். எடை குறையும், சிமெண்ட் மிச்சம், ஓடுகளுக்கு இடையில் சிக்கிய காற்று கொஞ்சம் வெப்பத்தைத் தடுக்கும். சிக்கனக் கட்டடங்களுக்குப் பேர் போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் இப்படி எத்தனையோ கட்டடம் கட்டியிருக்கிறார். மேலே பார்த்தால் எல்லோர் வீட்டையும் போல மெத்தை. மல்லாட்டைக்கு இடம் கிடைத்தது, அரசுப் பணமும் கிடைத்தது. “தளத்துக்குள்ள ஓடா?” என்று சந்தேகப்பட்ட மேற்பார்வையாளருக்குக் கணக்குப் போட்டுக் காட்டி, ஒரு மாதிரித் துண்டு வார்த்து, அதன் மேல் எட்டுப் பேர் ஏறி நின்று காட்டினோம். கணக்கைவிட எட்டுப் பேர்தான் எடுபட்டார்கள்.

அடுத்தது சுவர். இங்கேதான் நான் நன்றாக அடி வாங்கினேன்.

மண் கல்லுக்கு மண் சரியாக இருந்தது. தண்ணீர் பாட்டிலில் பாதிக்கு மண்ணும் மீதிக்குத் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தால் மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலேயும் படியும். ஸ்கேல் வைத்து அளந்தால் ஓரளவு தெரிந்துவிடும். கரிசலாக இருந்திருந்தால் அன்றே கைவிட்டிருப்போம். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுத்துச் சலித்து, 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, கையால் இழுக்கிற அச்சு இயந்திரத்தில் அடித்து, நான்கு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காகிதத்தில் செங்கல்லைவிட மலிவு, சந்தேகமில்லை.

ஆனால் காகிதத்தில் தேதி இல்லை. அரசுப் பணம் கட்டம் கட்டமாக வரும். கடக்கால் முடிந்து பேஸ்மட்டம் வந்தால் ஒரு தவணை, கதவு, ஜன்னலுக்கு மேலே வருகிற லிண்டல் மட்டத்துக்கு ஒன்று, தளம் போட்டால் ஒன்று, பூச்சு முடிந்தால் கடைசி. அதிகாரி வருவார், வீட்டின் முன் பயனாளியை நிற்க வைத்துப் போட்டோ எடுப்பார், பணம் வங்கிக்கு வரும். மண் கல் அடிப்பதற்கோ செலவு முழுவதும் முதலிலேயே. சுவர் வேலை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே இயந்திர வாடகை, சிமெண்ட், சலிக்கிறவர், அடிக்கிறவர், அடுக்குகிறவர், தண்ணீர் ஊற்றுகிறவர் என்று ஆறேழு பேர் கூலி. மாதக் கடைசியில் கையில் இருப்பது சாக்குப் போட்டு மூடி வைத்த கல் அடுக்கு. அதைப் போட்டோ எடுக்க எந்தப் படிவத்திலும் இடமில்லை.

செங்கல் வேறு மாதிரி வரும். சூளைக்காரர் லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பணம் வந்ததும் வாங்கிக்கொள்வார். காலனியில் பாதிக் குடும்பம் அவர் சூளையில்தான் வேலை செய்கிறது, கல் பணம் வரவில்லை என்றால் கூலியில் பிடித்துக்கொள்வார். பல பேர் ஏற்கெனவே அவரிடம் முன்பணம் வாங்கி அடுத்த பருவத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். இதை நல்ல ஏற்பாடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அது ஒரு கடன் வசதி, என்னுடைய மண்ணுக்கு அப்படி எதுவும் இல்லை. மண் கடன் தராது. விலை ஒப்பீடு போட்டபோது ஒரு செங்கல் எத்தனை ரூபாய், ஒரு மண் கல் எத்தனை ரூபாய் என்று பார்த்தேனே தவிர, எது எப்போது பணம் கேட்கும் என்று பார்க்கவில்லை.

முதல் இரண்டு குடும்பங்கள் கல் அடிப்பதற்கு மகளிர் குழுவில் கடன் எடுத்தார்கள். ஒரு அக்கா தோட்டை அடகு வைத்தார். அந்த வட்டியையும் சேர்த்தால் என் மலிவுக் கல் செங்கல் விலைக்கு வந்து நின்றது. மூன்றாவது வீட்டிலிருந்து நிறுவனத்தில் சண்டை போட்டு, மீதி நாலு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சுழல்நிதி வைத்தோம். கல் அடிக்கும் செலவை நிதி கொடுக்கும், லிண்டல் தவணை வந்ததும் குடும்பம் திருப்பிக் கட்டும், அது அடுத்த வீட்டுக்குப் போகும். இதில் புதிய தொழில்நுட்பம் ஒன்றும் கிடையாது, ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு வங்கிக் கணக்கும்தான். மொத்த வேலையில் நான் செய்த உருப்படியான வடிவமைப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இப்படி ஒரு வேலையில் இறங்கப் போகிற இளம் பொறியாளர்கள் முதலில் ஒரு நாட்காட்டியை எடுத்துப் பணம் வருகிற தேதியையும் போகிற தேதியையும் குறித்துவிட்டு, அப்புறம் வரைபடத்தைத் தொடுங்கள்.

கூலி ஆட்கள் விஷயமும் நாட்காட்டிதான். மல்லாட்டை பிடுங்குகிற சமயத்தில் கல் அடிக்க ஆள் கிடைக்காது. அந்த இரண்டு வாரம் இயந்திரம் வாடகை ஓடிக்கொண்டே சும்மா நின்றது.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழிப்பறைச் சுவருக்கும் முன் தடுப்புக்கும் செங்கல்லை எலிப்பொறிக் கட்டில் கட்டலாம் என்று எனக்கு ஆசை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவது அது, உள்ளே பொந்து விழும். கால் பங்கு செங்கல் மிச்சமாகும். மேஸ்திரி பாதி வரிசை கட்டிவிட்டு, கரண்டியைக் கலவைச் சட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். “சார், எனக்குச் சதுர அடிக்குக் கூலி. நீங்க மிச்சம் பண்ற கல்லு வூட்டுக்காரனுக்கு. அதுக்கு ஆவுற நேரம் என்னுது.” அதற்கு நான் என்ன சொல்ல? முதல் இரண்டு வீட்டுக்கு அவருக்கு நாள் கூலி பேசினோம், பழகும் வரை. மூன்றாவது வீட்டில் அவரே சதுர அடிக்கு வந்துவிட்டார், கொஞ்சம் கூட்டி. நாட்டுச் செங்கல் ஒன்று போல் ஒன்று இருக்காது, அதனால் அதில் இந்தக் கட்டு நேராக வராது என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். அளவு ஒன்று போல் இருக்கும் சேம்பர் சூளைச் செங்கல் வாங்க வேண்டியிருந்தது, அதில் மிச்சம் பிடித்ததில் பாதி போய்விட்டது. தடுப்புச் சுவரில் ஆணி அடித்தால் பொந்துக்குள் போய்விடுகிறது என்று எனக்கு இன்றைக்கும் திட்டு விழுகிறது. சாமி படம் மாட்ட முடியாத சுவர் என்ன சுவர்?

உள் பூச்சுக்கு மண்ணும் சாணமும் சுண்ணாம்பும் என்று எழுதியிருந்தேன். பழைய கூரை வீடுகளில் அதுதானே, வழவழவென்று எவ்வளவு அழகு! மல்லாட்டை அக்கா சிரித்தார். “நீ பூச வருவியா?” மண் பூச்சு வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு முன், புதுப்பிக்க வேண்டும். மண் கொண்டுவருவது, சாணம் சேர்ப்பது, குழைப்பது, பூசுவது எல்லாம் பெண்கள் வேலை, கூலி இல்லாத வேலை. மாமியார் காலத்தில் வீட்டில் நாலு மாடு இருந்தது. இப்போது மாடும் இல்லை, நாளும் இல்லை. காலையில் நூறு நாள் வேலை, அது இல்லாத நாளில் சூளை, சாயங்காலம் தண்ணீர், அடுப்பு. சிமெண்ட் பூச்சு அவர்களுக்கு ஆடம்பரம் இல்லை, வருஷத்தில் நாலு நாள் ஓய்வு. நீடித்து நிற்கும் வீடு என்று நாங்கள் எழுதுகிற பல விஷயங்கள் யாரோ ஒரு பெண்ணின் இடுப்பு வலியில்தான் நீடித்து நிற்கின்றன. அதன்பின் எந்தப் பொருளை எழுதினாலும் பக்கத்தில் ‘பராமரிப்பு யார், எத்தனை நாள்’ என்று ஒரு பத்தி சேர்த்துக்கொண்டேன். வெளிச்சுவரைப் பூசாமல் விட்டு, மண் கல் நிறம் தெரியட்டும் என்று வாதாடியதும் நான்தான். நாலு வீட்டுக்காரர்கள் ஒரு வருஷத்துக்குள் சிமெண்ட் பூசிப் பச்சை, ரோஸ் என்று வண்ணம் அடித்துவிட்டார்கள். பையனுக்குப் பெண் பார்க்க ஆள் வரும்போது ‘மண் வீடு’ என்று ஒரு சொல் விழுந்துவிடக் கூடாது. அது தப்பு என்று சொல்ல நான் யார்? புதுச்சேரிப் பக்கம் பணக்காரர்கள் விருந்தினர் மாளிகைக்குப் பூசாத மண் சுவர்தான் வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்களை யாரும் ஏழை என்று நினைக்க மாட்டார்கள், அதனால் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது.

என் தவறு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நாலாவது வீட்டில் பணம் இழுபறியாகி, பேஸ்மட்டத்தை ஒரு அடி குறைத்தோம். மண் சுவருக்குக் காலும் தலையும் நனையக் கூடாது, கருங்கல் அடித்தளம் உயரமாகவும் மேலே சன்ஷேட் அகலமாகவும் வேண்டும். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன். அடுத்த ஐப்பசி மழையிலேயே குளியலறைப் பக்கம் கீழ் இரண்டு வரிசை பொரிந்து உதிர்ந்தது. அந்த வரிசைகளைப் பிடுங்கிவிட்டுச் செங்கல் சொருகினோம். செலவு நிறுவனத்தினுடையது, காலனியில் கெட்ட பேர் மண் கல்லுக்கு. அதற்குப் பிறகு குளியலறைச் சுவருக்கு மண் கல் பேச்சே எடுப்பதில்லை.

எல்லா வீட்டுத் தளத்திலும் நாலு மூலையிலும் கம்பியை மேலே நீட்டி விடச் சொன்னார்கள். மண் கல் சுவர் வீட்டில் தூண் கிடையாது, மூலைகளில் கல்லுக்குள் செருகிய ஒற்றைக் கம்பிதான். அதைத் தளத்துக்கு மேல் நீட்டுவதால் என்ன பயன் என்றேன். “மேல போடறப்ப வேணும்ல?” 270 சதுர அடியில் இரண்டு பையன்கள், நாளை இரண்டு மருமகள்கள். சிலி நாட்டில் இக்கிக்கே நகரத்தில் கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு 2004இல், குடும்பத்துக்கு 7,500 டாலர் மானியத்தில் முழு வீடு கட்ட முடியாது என்று தெரிந்து, பாதி வீட்டை உறுதியாகக் கட்டி மீதிப் பாதிக்கு இடம் விட்டது. மக்கள் கையில் காசு வரும்போது அந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டார்கள். நம் ஊரில் அந்த யோசனையை யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை, நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த கம்பிதான் அது. மீதி வீடுகளுக்கு மேலே ஒரு தளம் தாங்குகிற மாதிரி அஸ்திவாரத்தைக் கணக்குப் போட்டோம், மாடிப்படிக்கு வெளியே இடம் ஒதுக்கினோம். கொஞ்சம் கூடுதல் செலவுதான், ஆனால் அதற்கு மட்டும் யாரும் முகம் சுளிக்கவில்லை.

வெயிலுக்கு என்ன செய்தோம் என்றால், நான் ஒன்றும் செய்யவில்லை. ஓடு புதைத்த தளம் சாதாரணத் தளத்தைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான், இரவு பத்து மணி வரை சுவரும் தளமும் அனல் விட்டன. இரண்டாவது கோடையில் போனபோது, மூன்று வீட்டு மெத்தை மேல் தென்னங்கீற்றுக் கொட்டகை நின்றது. கீழே சிமெண்ட் தளம், மேலே நிழலுக்குக் கீற்று. தீப்பிடித்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது, புயல் என்றால் அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிடலாம். கொட்டகைக்குக் கீழே மல்லாட்டை மூட்டை, கட்டில், பிள்ளைகளின் புத்தகப் பை. மற்ற மூன்று வீட்டுக்காரர்களுக்குத் தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கை அடிக்கச் சொன்னேன், உள்ளே வித்தியாசம் தெரிந்தது. ஆனால் மல்லாட்டை கொட்டிக் கிளறினால் சுண்ணாம்பு உரிந்துவிடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். மறுபடி அதே கேள்வி: யார் அடிப்பது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. சாலை திறந்ததும் போய்ப் பார்த்தேன். ஆறு வீடும் நின்றன. நாலாவது வீட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறி இறங்கியிருந்தது, செங்கல் சொருகின வரிசைகள் அப்படியே, அதற்கு மேல் மண் கல்லில் ஓரிடத்தில் பூச்சு உப்பியிருந்தது. விரலால் தட்டிப் பார்த்தேன், டொக் டொக்கென்று பொள்ளல் சத்தம். குறித்துக்கொண்டேன்.

மல்லாட்டை அக்கா மெத்தையில் நனைந்த பாய்களைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். கீற்றுக் கொட்டகையை முதல் நாளே அவிழ்த்துவிட்டிருக்கிறார். மூலைக் கம்பிகளுக்குப் பழைய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மாட்டியிருந்தார், துரு ஏறாமலிருக்க. பெரியவனுக்குத் தை மாதம் கல்யாணம், மேலே ஒரு அறை போட வேண்டும், எவ்வளவு ஆகும் என்று கேட்டார். டேப் எடுத்து அளந்தேன். மண் கல்லிலேயே கட்டலாம், கீழ்ச்சுவர் தாங்கும் என்றேன்.

“கட்டலாம். சூளைக்காரன் கல்லு எறக்கிட்டு ஆடிக்கு மேல பணம் குடுன்றான். ஒன் மிஷின்காரன் குடுப்பானா?”

எங்கள் சுழல்நிதி திட்டம் முடிந்தபோதே முடிந்துவிட்டது. இயந்திரக்காரரை அங்கிருந்தே கூப்பிட்டேன். சிமெண்ட் விலை, ஆள் கூலி எல்லாம் சொல்லிவிட்டு, முழுப் பணமும் முன்னாடியே வேண்டும் என்றார். அக்கா பாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். மேல் அறை இப்போது செங்கல்லில் எழும்பிக்கொண்டிருக்கிறது, தளம் மட்டும் ஓடு புதைத்தது. மேஸ்திரி அதற்குத் தனிக் கூலி கேட்கவில்லையாம்.